துணுக்கு நோட்டும் 2119-ஆம் வருஷமும்

என் மேசை இழுப்பறையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. பேத்தியின் பள்ளிக்கூட நோட்டில் மிச்சப்பட்டது. கணினியில் அவ்வப்போது தேவைப்படும் சின்னச் சின்னக் கட்டளைகளையும் எக்செல் ஃபார்முலாக்களையும் அதில் எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இவற்றை 'கோட் ஸ்னிப்பெட்' என்கிறார்கள். நான் துணுக்கு என்கிறேன். ஒரு வரி, இரண்டு வரி, அதற்கு மேல் இருக்காது. ஆனால் அந்த ஒரு வரி ஒரு பகல் வேலையை ஒரு நிமிஷத்தில் முடித்துவிடும்.

எழுபது வயதுக்கு மேல் இதெல்லாம் எதற்கு என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். எங்கள் பென்ஷனர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் என் பொறுப்பில் இருக்கிறது, அதற்குத்தான். முந்நூறு சொச்சம் பேர். பெயர், பென்ஷன் ஆணை எண், பிறந்த தேதி, பேங்க், போன் நம்பர். நவம்பர் மாதம் வாழ்வுச் சான்றிதழ் கொடுக்காதவர் யார், சந்தா பாக்கி யார், இந்த மாதம் எண்பது முடிகிறவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் தேடினால் என் கண்புரை ஆபரேஷன் வீண்.

நோட்டிலிருந்து இரண்டொன்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவலாம். ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே உச்சரிப்பை மட்டும் எழுதுகிறேன். ஒரு ஃபோல்டரில் ஸ்கேன் செய்த ஆவணங்கள் இருநூறு கிடக்கின்றன, அவற்றின் பெயர்ப் பட்டியல் வேண்டும். விண்டோஸில் கறுப்புத் திரையைத் திறந்து, அந்த ஃபோல்டருக்குப் போய், 'டிர்' என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடும் 'பி'யும் போட்டு, பிறகு 'பெரிது' என்று கணக்கில் போடுவோமே அந்தக் குறியையும், புதிதாக ஒரு கோப்பின் பெயரையும் அடித்தால், அத்தனை பெயரும் அந்தக் கோப்பில் வந்து உட்கார்ந்துவிடும். நான் இதை அறியாமல் ஒரு முறை இருநூறு பெயரைக் கையால் எழுதினேன்.

இன்னொன்று 'ட்ரிம்'. வாட்ஸப்பில் வந்த பெயரை எக்செல்லில் ஒட்டினால் முன்னேயும் பின்னேயும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். நமக்கு இரண்டு பெயரும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு ஆள். ட்ரிம் அந்த இடைவெளியை வழித்துப் போடும். ஆனால் இணையப் பக்கங்களிலிருந்து எடுத்து ஒட்டும்போது 160 என்ற எண்ணுள்ள வேறொரு வகை இடைவெளி வரும். அதை ட்ரிம் தொடாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஃபார்முலாவையே வாட்ஸப்பிலோ வேர்டிலோ வாங்கி ஒட்டினாலும் ஒரு வம்பு உண்டு. நேராக நிற்க வேண்டிய மேற்கோள் குறி சில சமயம் வளைந்த குறியாக மாறி வரும். எக்செல் அதை ஏற்காது.

இப்படிப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கணினியால் வந்ததல்ல.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். புதுச்சேரி 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு சேர்ந்தது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி ஒப்படைப்பும் ஆனது. ஆனால் என் வீட்டில் பிரெஞ்சுப் படிப்பை விடவில்லை. தாத்தா சொல்தா. பிரான்ஸ் பென்ஷன் வாங்கியவர். பிரெஞ்சு படித்தால் சோறு என்பது அவர் முடிவு. 1973-ல் நான் எல்.டி.சி.யாக வேலையில் சேர்ந்தபோது சோறு ஆங்கிலத்துக்கு மாறியிருந்தது. எனக்கு ஆங்கிலத்தில் ஒரு லீவ் லெட்டர் எழுத வராது.

எங்கள் செக்‌ஷனில் தலைமை கிளார்க் ஒருவர் இருந்தார். காக்கி அட்டை போட்ட தடித்த நோட்டு வைத்திருந்தார். அதில் எல்லாவற்றுக்கும் ஒரு டிராஃப்ட் உண்டு. விடுப்பு ஆணை, நினைவூட்டுக் கடிதம், 'மேற்படி பொருள் குறித்து' என்று ஆரம்பிக்கும் பதில்கள். ஆளையும் தேதியையும் மாற்றினால் போதும். அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதித்தான் நான் ஆங்கிலம் கற்றேன் என்று சொல்ல வேண்டும். கற்றேன் என்பதுகூடத் தப்பு. முதல் இரண்டு வருஷம் நான் எழுதிய ஆங்கிலத்தில் பாதி எனக்கே புரியாது.

அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள், டிரைவர் ஒருவருக்கு நாற்பது நாள் விடுப்பு ஆணை தயார் செய்தேன். பழைய கோப்பில் இருந்த ஓர் ஆணையை எடுத்து, பெயரை மாற்றி, தேதியை மாற்றி, டைப் அடிக்கக் கொடுத்து, அதிகாரியின் கையெழுத்தும் ஆகி, டெஸ்பாட்ச் வரைக்கும் போய்விட்டது. மூல ஆணை மகப்பேறு விடுப்புக்கானது. 'கன்ஃபைன்மென்ட்' என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. டிரைவர் ஆணையை வாங்கிக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்து, "சார், பிள்ளை ஆணா பொண்ணான்னு போடலியே" என்றார். செக்‌ஷன் முழுக்க ஒரு மாதம் சிரித்தது. தலைமை கிளார்க் சிரிக்கவில்லை. தம்முடைய நோட்டைத் திறந்து காட்டினார். அதுவரை நான் கவனிக்காத ஒன்று அதில் இருந்தது. ஒவ்வொரு டிராஃப்டின் ஓரத்திலும் பென்சிலில் தமிழில் ஒரு வரி: யாருக்கு, எப்போது, எதற்குப் போடக்கூடாது. நான் ஆங்கிலத்தை மட்டும் காப்பி அடித்திருக்கிறேன். ஓரத்தைப் படிக்கவில்லை.

இதைப் படித்தால் அதற்கப்புறம் திருந்திவிட்டேன் என்று நினைப்பீர்கள். அலுவலகக் கோப்பில் திருந்தினேன். கணினியில் அதே தப்பை நாற்பது வருஷம் கழித்துச் செய்தேன்.

நான் ஓய்வு பெற்றது 2010-ல். 2016-ல் சங்கப் பட்டியலைக் காகித ரிஜிஸ்தரிலிருந்து எக்செல்லுக்கு மாற்றினேன். அதன் முக்கிய நோக்கம் கூடுதல் பென்ஷன். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்: நம் விதிப்படி எண்பது வயது முடிந்தால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூட வரும், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் இரட்டிப்பு. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்களுக்கும் உண்டு. வயது முடியும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து கணக்கு. தானாக வர வேண்டிய பணம்தான். ஆனால் கணவர் ஓய்வு பெற்ற காலத்துப் பென்ஷன் ஆணையில் மனைவியின் பிறந்த தேதியே பல நேரம் இருக்காது. யாராவது எழுதிக் கேட்டால்தான் நகரும். அந்த 'யாராவது' எங்கள் சங்கம்.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சென்னையில் கணினி வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடம் கேட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு துணுக்கு கொடுத்தான். 'ஈடேட்' என்று ஒரு ஃபார்முலா. பிறந்த தேதி இருக்கும் கட்டத்தைக் காட்டி, காற்புள்ளி போட்டு, 960 என்றால் எண்பது வயது முடியும் தேதி வந்துவிடும். மாதக் கணக்கு. எண்பதைப் பன்னிரண்டால் பெருக்கியது. தொண்ணூறுக்கு 1080. அதை 'இஃப்' என்ற இன்னொன்றுக்குள் வைத்து, இந்த மாதமாக இருந்தால் 'உண்டு' என்று காட்டச் செய்தான். எனக்குத் தெரிந்த மூன்று பேரின் தேதியைப் போட்டுப் பார்த்தேன். 1934, 1938, 1941. மூன்றும் சரி. நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றரை வருஷம் மாதா மாதம் 'உண்டு' என்று வந்தவர்களுக்கெல்லாம் மனு எழுதினோம்.

2020 கொரோனா அடைப்பில் வெளியே போக முடியாது. பிரான்சில் இருக்கும் என் மாமா மகன் தினமும் பேசுவான். அவனும் ரிட்டயர் ஆனவன், அவனும் அங்கே ஒரு சங்கத்துக்குக் கணக்கு எழுதுகிறான். அவன் ஒரு ஃபார்முலாவை எழுத்தாக அனுப்பினான். ஒட்டினேன். பிழை. மறுபடி ஒட்டினேன். பிழை. அப்புறம்தான் பார்த்தேன், அவன் எக்செல் பிரெஞ்சு எக்செல். 'இஃப்' இருக்க வேண்டிய இடத்தில் 'சி' இருக்கிறது. 'வி லுக்கப்' என்பதற்கு அவர்கள் 'ரெஷெர்ஷ் வே' என்கிறார்கள், நெடுக்கில் தேடு என்று பொருள். காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி. ஏனென்றால் பிரெஞ்சில் காற்புள்ளி தசமத்துக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் இருபதுக்குப் பன்னிரண்டரை வாங்கினால் எங்கள் ரிப்போர்ட்டில் 12,5 என்றுதான் எழுதியிருக்கும். கோப்பாகவே அனுப்பியிருந்தால் எக்செல் தானே மொழி மாற்றிக்கொண்டிருக்கும். எழுத்தாக ஒட்டியதால்தான் இந்தச் சிக்கல்.

பிழை வந்ததே நல்லதாயிற்று. அதைத் திருத்துவதற்காக முதல் முறையாக ஒரு ஃபார்முலாவை நான் படித்தேன். அதுவரை பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன், படித்ததில்லை. வி லுக்கப்பில் நான்காவது இடத்தில் 'ஃபால்ஸ்' போட வேண்டும் என்று நோட்டில் இருக்கும், போடுவேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. ஆங்கில எக்செல் அந்த இடத்துக்கு 'ரேஞ்ச் லுக்கப்' என்று பெயர் காட்டும். எனக்கு ஒன்றும் விளங்கியதில்லை. பிரெஞ்சில் அதே இடத்துக்குப் பெயர் 'வலேர் ப்ரோஷ்'. கிட்டத்தில் உள்ள மதிப்பு. 'கிட்டத்தில் உள்ளது கிடைத்தால் போதுமா?' என்று கேட்கிறது. 'இல்லை' என்று சொல்கிறோம். சொல்லாமல் விட்டால், பட்டியல் வரிசையாக அடுக்கியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, கேட்ட ஆள் இல்லாவிட்டால் கிட்டத்தில் உள்ள வேறு ஆளின் கணக்கை எடுத்து நீட்டும். எவ்வளவு ஆபத்து! சின்ன வயதில் எந்த மொழியில் கணக்குப் போட்டேனோ அந்த மொழியில் வந்ததும் அது எனக்கு வாக்கியமாகிவிட்டது.

சரி, இருக்கிற துணுக்குகளை எல்லாம் இப்படி வாக்கியமாக்கிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அடைப்புக் காலம், நேரத்துக்குக் குறைவில்லை. தலைமை கிளார்க்கின் நோட்டு நினைவுக்கு வந்தது. ஓரத்தில் பென்சிலால் தமிழில் ஒரு வரி. ஈடேட்டுக்கு வந்தபோது 'பிறந்த தேதியோடு இத்தனை மாதம் கூட்டு' என்று எழுதினேன். எழுதிவிட்டு, கூட்டி வந்த தேதிகளை ஒரு தடவை முழுதாகப் பார்க்கலாமே என்று தோன்றியது. அதுவரை 'உண்டு' என்ற சொல்லை மட்டும்தான் பார்த்துவந்தேன். வருஷத்தையும் இரண்டு இலக்கமாகவே காட்டும்படி வைத்திருந்தேன். நான்கு இலக்கமாக மாற்றினேன்.

ஒரு கட்டத்தில் 2119 என்று இருந்தது.

குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஓர் அம்மா. பிறந்தது 1929 ஜூன். ரிஜிஸ்தரில் நாம் எல்லாம் எழுதுவது போல 29 என்று இருந்தது. நானும் 29 என்றே அடித்திருந்தேன். அன்று என்னிடம் இருந்த கணினியில் எக்செல்லின் வழக்கம் என்னவென்றால், வருஷத்தை இரண்டு இலக்கமாகக் கொடுத்தால் 30 முதல் 99 வரை ஆயிரத்துத் தொள்ளாயிரம், 00 முதல் 29 வரை இரண்டாயிரம். அந்த அம்மாவை அது 2029-ல் பிறக்கப்போகிறவர் என்று எடுத்துக்கொண்டது. தொண்ணூறு முடிவது 2119. ஃபார்முலா தப்பே செய்யவில்லை. பிழை என்று சிவப்பில் எதுவும் காட்டவும் இல்லை. நான் சோதித்த மூன்று பேரும் முப்பதுக்கு அப்புறம் பிறந்தவர்கள். சங்கத்திலேயே மூத்தவரைப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

2019 ஜூனில் அவருக்கு 30 சதவீதம் 40 ஆகியிருக்க வேண்டும். நான் பார்த்தது 2020 ஆகஸ்ட். பதினான்கு மாதம். மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டிய தொகை. அது உங்களுக்கும் எனக்கும் எப்படியோ, அவருக்கு மாத்திரைச் செலவு.

பக்கத்துத் தெருப் பையனிடம் சொன்னேன். குற்றம் சொல்வதற்கில்லை, தெரிந்துகொள்ளட்டும் என்று. அவன் சொன்ன பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே. "தாத்தா, எல்லாரும் அப்படித்தான். தேடி எடுப்போம், ஓடுதான்னு பார்ப்போம், போட்டுருவோம். ஒவ்வொன்னையும் புரிஞ்சுக்கிட்டுதான் போடணும்னா வேலை நடக்காது. மிக்சி எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சா பாட்டி சட்னி அரைக்கிறாங்க?"

கெட்டிக்காரப் பையன். அவன் சொல்வதில் பாதி உண்மை என்பதற்கு அவனே ஓர் உதாரணமும் சொன்னான். 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' என்று ஒரு துணுக்கு. பதினோரு வரிதான். ஓர் எழுத்துச் சரத்தின் இடது பக்கத்தில் வேண்டிய நீளம் வரும்வரை இடைவெளியோ பூஜ்யமோ சேர்ப்பது அதன் வேலை. டெஸ்பாட்ச் நம்பர் 47-ஐ 0047 என்று எழுதுவோமே, அதேதான். அதை எழுதியவர் ஒரு தகராறில் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுக்கப் பெரிய பெரிய மென்பொருள் வேலைகள் நின்றுபோயின. நேரடியாகவோ சுற்றிவளைத்தோ அத்தனை பேரும் அந்தப் பதினோரு வரியைக் கடன் வாங்கியிருந்தார்கள். பலருக்குத் தாங்கள் கடன் வாங்கியிருப்பதே தெரியாது. சில மணி நேரத்தில் திரும்ப வைத்துச் சரிசெய்தார்களாம். "பார்த்தீங்களா, அவ்ளோ பெரிய ஆளுங்களே அப்படித்தான்" என்றான். அவன் அதைச் சமாதானமாகச் சொன்னான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மிக்சி விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சட்னி சரியில்லை என்றால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். என் எக்செல் பட்டியல் மூன்றரை வருஷம் அழகாகத்தான் இருந்தது. மிக்சி யாருடைய மனுவிலும் கையெழுத்துப் போடுவதும் இல்லை. நான் போடுகிறேன். யாருக்கு மனு எழுதவில்லை என்பதற்கும் நான்தான் பொறுப்பு.

துணுக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காப்பி அடித்துத்தான் நான் ஆங்கிலம் கற்றேன், காப்பி அடித்துத்தான் எக்செல்லும் கற்றேன், வெட்கமில்லை. நான் கேட்பதெல்லாம் ஓரத்தில் ஒரு வரி. அது உங்கள் மொழியில் இருக்க வேண்டும், கடன் வாங்கிய மொழியில் அல்ல. அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் அந்தத் துணுக்கு இன்னும் உங்களுடையதாகவில்லை. விளையாடிப் பாருங்கள், அடுத்தவர் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் போடாதீர்கள். போடுமுன் பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்து நகலில் போடுங்கள். சோதிக்கும்போது நடுவில் இருக்கும் நல்ல பிள்ளைகளை விட்டுவிடுங்கள். எல்லோரிலும் மூத்தவர், இனிஷியல் இல்லாதவர், பிப்ரவரி 29-ல் பிறந்தவர், தேதிக் கட்டம் காலியாக இருப்பவர், இவர்களைப் போட்டுப் பாருங்கள். இப்போது பிள்ளைகள் இணையத்தில்கூடத் தேடுவதில்லை, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் துணுக்கை எழுதியே கொடுத்துவிடுகிறது, கூடவே விளக்கமும். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஓர வரியை நான் என் கையால்தான் எழுதுகிறேன். எழுதும்போதுதானே 2119 கண்ணில் பட்டது?

அந்த அம்மாவுக்கு மனு எழுதி, அடைப்புக்கு நடுவே அலைந்து, 2021 பிப்ரவரியில் பாக்கித் தொகை மொத்தமாக வந்தது. முகக் கவசத்தோடு அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் தப்புதான் என்றும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "வந்துடுச்சில்ல தம்பி, விடு" என்றார். அதுதான் எனக்கு உறுத்தியது.

மனுவோடு இணைத்த பிறப்புப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எத்தா சிவிலில் எடுத்த பழைய பிரெஞ்சுப் பத்திரம், மடிப்பெல்லாம் கிழிந்து பின்னால் காகிதம் ஒட்டியது. 2016-ல் தேதியைச் சரிபார்க்க இதே பத்திரத்தைத்தான் என் கையில் கொடுத்திருந்தார். அப்போதும் படித்தேன், படித்துவிட்டு 29 என்று அடித்தேன். அதில் இருப்பது இலக்கமே இல்லை. அந்தக் காலத்து பிரெஞ்சு குமாஸ்தா வருஷத்தை எழுத்தால் நீட்டி முழக்கி எழுதியிருக்கிறார்: மில் நெஃப் சான் வேந்த் நெஃப். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது. யாரும் எந்தக் காலத்திலும் மாற்றிப் படிக்க முடியாதபடி.

"அதுல என்ன போட்டிருக்கு, படிச்சுக் காட்டேன்" என்றார் அம்மா. தொண்ணூற்றொரு வருஷமாக அவரிடம் இருக்கும் காகிதம், அதுவரை யாரும் அவருக்குப் படித்துக் காட்டியதில்லையாம். முதலில் பிரெஞ்சில் படித்தேன், பிறகு தமிழில் சொன்னேன். காலை ஆறு மணிக்குப் பிறந்தார் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவருடைய அப்பாவின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.